காரைக்குடியில் வாங்கிய பர்மா தேக்கு டிரஸ்ஸிங் டேபிள்: மூன்று மாத வேலை

போன புரட்டாசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனது ஒரு கதவுக்குப் பித்தளைக் கொண்டி வாங்கத்தான். அங்கே வரிசையாகப் பழைய சாமான் கடைகள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கண்ணாடி போட்ட சாமி படம், மரத்தூண், கதவு நிலை என்று செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பொருள்கள் கடைவாசல்வரை அடைத்துக் கிடக்கும். ஒரு கடையின் பின்கட்டில், சாய்த்து வைத்த நிலைகளுக்கு நடுவே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு டிரஸ்ஸிங் டேபிள் நின்றது. முதுகுப் பலகையில் பொடிப்பொடியாக ஓட்டை. கடைக்காரரும் நானும் சேர்ந்து திருப்பிப் பார்த்தோம். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என நான்கு சின்ன இழுப்பறைகள், நடுவில் அகலமாக ஒன்று, மேலே ஓரம் சரிவாகச் சீவிய கண்ணாடி, அதைச் சுற்றிக் கொடியும் பூவும் செதுக்கிய சட்டம். மேல்பலகைக்கு மட்டும் யாரோ காப்பிக்கொட்டை நிறத்தில் எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மற்ற இடமெல்லாம் அடுக்களைச் சுவர் மாதிரி கறுத்துப் போயிருந்தது. இழுப்பறைகளில் இரண்டு அசையவே இல்லை. 18,000 என்று ஆரம்பித்த பேரம் 14,000க்கு முடிந்தது. திருச்சிக்குக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வர 3,200.

வாங்குவதற்கு முன்னால் நான் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய மாதிரியில் புதிதாகச் செய்து சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. முதலில் இழுப்பறையை உருவி அதன் மூலையைப் பார்க்க வேண்டும். கையால் அறுத்த புறாவால் பொருத்து (புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூலை) என்றால் ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். பல் எங்கே முடிய வேண்டும் என்று ஆசாரி கீறிய கோடும் அப்படியே தெரியும். மெஷினில் வெட்டியது எல்லாம் ஒரே அளவாக இருக்கும். அடுத்து, அடிப்பலகையின் கீழே கையை விட்டுத் தடவ வேண்டும். இழைப்புளி ஓடிய இடம் மெல்லிய அலை அலையாக விரலுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அப்புறம் திருகாணி. கூட்டல் குறி போட்ட திருகாணித் தலை 1930களில்தான் அமெரிக்காவில் வந்தது, நம்மூர் மேசை நாற்காலிக்கு வந்து சேர அதற்கப்புறமும் வெகுகாலம் ஆனது. இதில் இருந்தது முழுக்க ஒற்றைக் கோடு போட்ட திருகாணி. கடைசியாக, கண்ணில் படாத ஒரு இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தேன். தேக்குக்கென்று ஒரு எண்ணெய் வாசனை உண்டு, பழைய தோல் பை திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. எண்பது தொண்ணூறு வருஷம் கழித்தும் அது வந்தது.

கடைக்காரர் முழுக்கப் பர்மா தேக்கு என்றார். முகப்பு, கால், பக்கப் பலகை, இழுப்பறை முகம் எல்லாம் அப்படித்தான். முதுகுப் பலகை வேறு ஏதோ வெள்ளை மரம். இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சுவரைப் பார்த்து நிற்கும் பலகைக்கு அந்தக் காலத்திலும் மலிவான மரத்தைத்தான் போட்டார்கள்.

பர்மா தேக்கு என்றால் ஏன் இவ்வளவு மரியாதை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரங்கூனிலும் மோல்மேனிலும் கப்பலேற்றி வந்த மரம் அது. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது போய்த் தொழில் நடத்திய, காலத்தில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போனாலும் தூண் முதல் கட்டில்வரை அதில்தான் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. 2014 ஏப்ரல் முதல் மியான்மர் அரசு உருட்டு மரமாக வெளிநாட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அதாவது, இயற்கைக் காட்டில் மெதுவாக வளர்ந்து, வைரம் பாய்ந்து, நெருக்கமான வளையத்தோடு இருக்கும் அந்த மரம் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிப் பழைய பொருளாகத்தான். அதில் ஒரு மில்லிமீட்டரைத் தேய்த்துத் தூளாக்கினால் போனது போனதுதான்.

இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். வந்த அன்றைக்கு ராத்திரியே ஆர்வத்தில் ஒரு இழுப்பறையை எடுத்து, 80 நம்பர் உப்புத்தாளை மெஷினில் மாட்டி முகத்தைத் தேய்த்துவிட்டேன். பத்தே நிமிஷம். கறுப்பெல்லாம் போய் வெளிர்மஞ்சளாக, இன்றைக்குத்தான் கடையில் அறுத்து வாங்கிய பலகை மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கணம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து இழுப்பறையோடு சேர்த்து வைத்துப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பழைய பூச்சு போய்விட்டது, அதற்கு அடியில் வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு மரம் எடுத்திருந்த நிறமும் போய்விட்டது. இந்த மூன்று மாத வேலையில் பாதி, அந்தப் பத்து நிமிஷத்தைச் சரிக்கட்டவே ஆனது.

மறுநாள் எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியைக் கூப்பிட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர், இப்போது வேலைக்குப் போவதில்லை. இழுப்பறை இறுகி நிற்கிறது, பக்கத்தை இரண்டு இழைப்பு இழைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன், சரிதானா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். இழைப்புளியையும் தீட்டி வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. நான்கு சின்ன இழுப்பறையையும் வெளியே எடுக்கச் சொன்னார். இறுகி நின்ற இரண்டையும், பின்பக்கம் கையை விட்டு ஒரு துணியைச் சுருட்டி வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டித்தான் எடுக்க முடிந்தது. நான்கையும் கவிழ்த்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் பின்பலகையிலும் உளி முனையால் கீறிய ஒரு எழுத்து. ஒன்றில் ‘க’ இருந்தது, செய்தவர் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ என்று நினைத்தேன். ஒன்றில் ‘உ’ இருந்தது, பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிடவும் செய்தேன்.

“தம்பி, அது சுழி இல்லை. ரெண்டு” என்றார் ஆசாரி.

௧, ௨, ௩, ௪. தமிழ் எண். டார்ச்சை வாங்கிக் கூட்டுக்குள் அடித்துக் காட்டினார். ஒவ்வொரு இழுப்பறையும் போய் நிற்கும் அறைக்குள்ளே, மேல் சட்டத்தில், அதே எண் கீறியிருந்தது. கையால் செய்கிற வேலையில் நான்கு அறையும் அச்சு மாதிரி ஒன்றாக வராது, ஒவ்வொரு இழுப்பறையையும் அதனதன் அறைக்கு ஏற்ப இழைத்துப் பொருத்துவார்கள். அப்புறம் மாறிவிடக் கூடாது என்று எண் போடுவார்கள். எப்போதோ யாரோ துடைக்க எடுத்து ௨ இருக்க வேண்டிய இடத்தில் ௩ஐயும், ௩ இருக்க வேண்டிய இடத்தில் ௨ஐயும் சொருகிவிட்டார்கள். அது எத்தனை வருஷத்துக்கு முன்னால் நடந்ததோ. இடம் மாற்றி வைத்தோம். ௨ அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, போகும்போது அறையில் இருந்த காற்று பின்வழியாக ‘உஸ்’ என்று வெளியேறியது. நான் இழைத்திருந்தால் அந்தச் சத்தம் இனி எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

௩ மட்டும் தன் இடத்துக்கு வந்த பிறகும் பாதியில் தலையைத் தொங்கப் போட்டது. அடியில் அது ஓடும் சட்டம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பழைய ஜன்னல் சட்டம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேக்குப் பட்டை சீவி, பள்ளத்தைச் சமமாக வெட்டி, அதை ஒட்டினோம். ஓடும் இடங்களில் எல்லாம் வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்தேன். எண்ணெய் போடக் கூடாது, தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

பொருத்துகள் பக்கம் வருவோம். முன்கால் இரண்டும் ஆடின. பழைய காலத்து ஒட்டு வஜ்ஜிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீரில் இளகும், காய்ந்தால் கல். வயதாகி ஈரம் போய்விட்டால் பொடியாக உதிரும். இளகிய காலுக்கு யாரோ இரண்டரை அங்குல ஆணி அடித்திருந்தார்கள், அதுவும் சாய்வாக. ஆணியைப் பிடுங்குவதுதான் இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம். தலை மரத்துக்குள் புதைந்து துருப்பிடித்திருந்தது. சால்டரிங் இரும்பின் முனையை ஆணித்தலையில் ஒரு நிமிஷம் வைத்துச் சூடேற்றி, ஆறவிட்டு, அப்புறம் குறடால் பிடித்து லேசாகத் திருகித் திருகி இழுத்தால் பிடி விடுகிறது. நான்கு ஆணிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை.

ஆணி போனதும், மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில் சூடான வினிகரை எடுத்துப் பொருத்தின் இடுக்கில் விட்டேன், கால் மணிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. கையால் அசைத்தபோதே கால் கழன்று வந்தது. பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து எடுத்தோம். இப்போது எதை வைத்து ஒட்டுவது என்பதில் எனக்கும் ஆசாரிக்கும் கொஞ்சம் பேச்சு நடந்தது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை போதும், வலுவானது என்றார் அவர். வலுவில் சந்தேகம் இல்லை, ஆனால் அது காய்ந்துவிட்டால் மரத்தை உடைக்காமல் திரும்பப் பிரிப்பது கஷ்டம். வஜ்ஜிரம் என்றால் ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் வெந்நீரை வைத்தே பிரித்துவிடலாம். தவிர, பழைய வஜ்ஜிரத்தின் மிச்சம் மரத்தின் துளையில் எப்படியும் இருக்கும். அதன்மேல் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, புது வஜ்ஜிரம் பழையதை இளக்கி அதோடு சேர்ந்துகொள்ளும். கடைசியில் அவரே, “சின்ன வயசுல கிண்டினது, ஆசையாத்தான் இருக்கு” என்று சம்மதித்தார். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒரு பாத்திர வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினார். நேராக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் பசையின் பிடி போய்விடும். 60 டிகிரி சூடு, அதாவது விரல் பொறுக்காத சூடு, போதும். பூசியதும் வேகமாகச் சேர்க்க வேண்டும், ஆறினால் உறைந்துவிடும். இவ்வளவு அகலத்துக்கு என்னிடம் கிளாம்ப் இல்லை. தாம்புக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கி, கட்டை திரும்பாமல் காலில் முட்டுக்கொடுத்தார். மூலைகளில் கயிறு பதியாமல் இருக்கக் கோணித்துண்டு. மறுநாள் பிரித்தபோது கால் அசையவில்லை.

முதுகுப் பலகையின் ஓட்டைக்கு வருகிறேன். உளுத்துப் போன பலகையைப் பார்த்ததும் எல்லாரும் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள். படுகிற புழு சாகும், உண்மைதான், ஆனால் ஆவியாகிவிட்ட பின் காப்பு எதுவும் இல்லை, நாற்றமும் போகாது, பாலிஷ் பக்கத்தில் பட்டால் அதையும் கெடுக்கும். முதலில் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலகைக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விட்டேன். நான்காம் நாள் ஒரு மூலையில் முகப்பவுடர் மாதிரி மெல்லிய தூள், சின்னக் குவியலாக. இருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டுக்கு வேண்டியது மரத்தின் மாவுச்சத்து, அது வெளிவட்டத்து வெண்மரத்தில்தான் இருக்கும். தேக்கின் வைரத்தை, அதாவது உள்ளே முற்றிய மரத்தை, அது தொடாது. அதனால்தான் முகப்பெல்லாம் பிழைத்தது. மிகவும் உளுத்த ஒரு பலகையை எடுத்துவிட்டு ஜன்னல் பலகையிலிருந்து ஒன்றை வெட்டிப் போட்டேன். மற்றவற்றுக்கு வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பிரஷ்ஷால் நனைய நனைய இரண்டு நாள் விட்டு மூன்று தடவை. பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் இது உள்ளே இறங்கும், முதுகுப் பலகை எப்போதும் வெறும் மரமாகவே இருந்ததால் வசதியாகப் போயிற்று. கறுப்புத் தாளை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த கோடையிலும் பார்க்க வேண்டும், புழுக்கள் உள்ளே வெகுநாள் இருக்கக்கூடியவை.

இப்போது முக்கியமான வேலை, பூச்சு. எந்தப் பழைய மரச்சாமானாக இருந்தாலும் உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மறைவான இடத்தில், ஸ்பிரிட்டில் (பாலிஷ் கலக்கும் ஆல்கஹாலில்) நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகி, மரம் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு (ஷெல்லாக்). பிசுபிசுக்காமல், தின்னர் வைத்தால் இளகினால் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ புதுக்கால ரசாயனப் பூச்சோ. நான் காலின் உள்பக்கம் வைத்தேன். பஞ்சில் தேன் நிறம் ஏறியது. அந்த நிமிஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முந்தின நாள் வரை அந்தக் கறுப்புதான் மரத்தின் நிறம் என்று நினைத்திருந்தேன். அரக்கு என்பதில் ஒரு பெரிய நன்மை, எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட்டில் திரும்பக் கரையும். அதாவது பழைய பூச்சை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதையே இளக்கித் திரும்பப் படியவைக்கலாம்.

ஆனால் முதலில் மேலே இருக்கும் அழுக்கை எடுக்க வேண்டும். அது தலை எண்ணெயும் விளக்குப் புகையும் மெழுகும் சேர்ந்த படிவு. சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். அரக்குக்கு நீர் ஆகாது. அப்புறம் டர்பென்டைன். அது அரக்கைக் கரைக்காது, எண்ணெயையும் மெழுகையும் மட்டும் எடுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் செதுக்கிய பூக்களின் இடுக்குக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், மூங்கில் குச்சியின் முனையில் சுற்றிய பஞ்சும். ஒரு பூவுக்குப் பத்து நிமிஷம். துணி கறுப்பு, கறுப்பு, மறுபடியும் கறுப்பு, திடீரென்று ஒரு துடைப்பில் பழுப்பு வரும். அங்கே நிறுத்த வேண்டும். மிக மெல்லிய ஸ்டீல் உல் கொண்டு லேசாகத் தேய்க்கலாம், ஆனால் ஈரத்தோடு தேய்த்தால் இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கிக் கரும்புள்ளி விழும்.

அழுக்கு போனதும் பூச்சு முழுக்க முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது தெரிந்தது. மெத்தென்ற பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரே ஓட்டமாக, திரும்பிப் போகாமல் தடவினேன். கண் முன்னாலேயே வெடிப்பு மூடிக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கை நின்ற இடத்தில் பிரஷ் இழுத்துக்கொண்டு வரும், அதனால் யோசிக்காமல் ஓட வேண்டும். ஒரு பக்கப் பலகையில் போன் அடித்ததற்கு நின்றேன், அந்த இடத்தில் ஒரு தடம் விழுந்துவிட்டது. மறுநாள் திரும்ப இளக்கிச் சரிசெய்ய முடிந்தது, இதுதான் அரக்கு.

மேல்பலகைக்கு இந்த மரியாதையெல்லாம் செய்ய வழியில்லை, எனாமலை எடுத்தே ஆக வேண்டும். இங்கே எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எந்த எனாமலையும் ஈயம் உள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்கவிடாதீர்கள், தீ காட்டாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். நான் மொட்டைமாடியில், முகமூடி கையுறையோடு, கூழாக இருக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவி கால் மணி நேரம் விட்டு, சீவிய மூங்கில் பட்டையால் வழித்தேன். இரும்புத் தகடு மரத்தைக் கீறும். வழித்ததைப் பழைய தாளில் மடித்துக் கட்டி வைத்தேன், செடிக்கோ சாக்கடைக்கோ போகவிடவில்லை. அடியில் அரக்கு இருந்ததால் பெயிண்ட் மரத்துக்குள் இறங்கவில்லை, ஏடு மாதிரி உரிந்து வந்தது.

ஏன் பெயிண்ட் அடித்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. டிரங்குப் பெட்டியை வருஷக்கணக்காக வைத்திருந்திருக்கிறார்கள் போல, நான்கு மூலையிலும் இரும்புக் கறை, நீலம் கலந்த கறுப்பு. இதை உப்புத்தாளால் எடுக்கப் போனால் பலகையே போய்விடும், அவ்வளவு ஆழம். இதற்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி, பிளாஸ்டிக் கிண்ணத்தில். கறை மேல் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளுத்துத் தெரியும், பலகை முழுக்கத் தடவ வேண்டும். தடவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷத்தில் கறுப்பு சாம்பலானது, சாயங்காலத்துக்குள் ஒரு மூலையைத் தவிர மற்றதில் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. அது விஷம், உலர்ந்து படிகமாக நிற்பதைத் துடைத்துத் தூளாக்கினால் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை ஒற்றி எடுத்து, மூன்று நாள் நிழலில் உலரவிட்டேன். அந்த ஒரு மூலைக் கறையை அப்படியே விட்டுவிட்டேன்.

அரக்கைத் தகடு தகடாக வாங்கினேன். பெரும்பாலும் ஜார்க்கண்ட் காடுகளில் பலாசு, குசும் மரக் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் கட்டும் கூட்டிலிருந்து எடுப்பது. பழைய கிராமபோன் இசைத்தட்டும் இதே பொருளில்தான் வார்த்தார்கள். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம், கண்ணாடி ஜாடியில். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துவிடும். ஒரு ராத்திரி ஊறி, நடுநடுவே குலுக்கி, துணியில் வடிகட்டினால் டீ டிகாக்‌ஷன் நிறம். பஞ்சை உருட்டி, துவைத்துத் துவைத்து நூல் உதிராத பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அதில் அரக்கை விட்டு, உள்ளங்கையில் தட்டிப் பார்த்து, ஈரம் பூக்கிற அளவுக்கு வந்ததும் மரத்தில் ஓட்ட வேண்டும். முதலில் நேராக, அப்புறம் வட்டம் வட்டமாக. பொதி இழுத்துப் பிடித்தால் ஆளி விதை எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு மூன்று கைக்கு (கோட்டுக்கு) மேல் வேண்டாம்.

ஐப்பசி அடைமழையில்தான் அவசரப்பட்டேன். மூன்றாம் கை போட்டுவிட்டு ராத்திரி தூங்கப் போனேன், காலையில் மேல்பலகை முழுக்க மூடுபனி விழுந்த மாதிரி வெள்ளை. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஆசாரி பார்த்துவிட்டு, “மழை விடட்டும் தம்பி, இதை இன்னைக்கு ஒண்ணும் பண்ணாதீங்க” என்று போய்விட்டார். துணியைப் போர்த்திக் கார்த்திகை கழியும்வரை விட்டேன். மார்கழியில் வெயில் வந்த பிறகு ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொதியால் ஒரு தடவை ஓட்டினேன், வெள்ளை எல்லாம் போய்விட்டது.

அந்த மழை நாட்களில்தான் பித்தளைக் கைப்பிடிகளைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தேன். மேட்டில் பளிச்சென்று ஆனதும் நிறுத்தினேன், பள்ளத்தில் இருந்த கறுப்பை விட்டுவைத்தால்தான் பூ வேலை தெரிகிறது. கழற்றிய திருகாணிகளை எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதிலேயே போட அட்டையில் படம் வரைந்து குத்தி வைத்திருந்தேன். பெருத்துப்போன ஓட்டைக்கு மூங்கில் சிம்பு. கண்ணாடியின் ஓரத்தில் ரசம் போய்க் கரும்புள்ளி விழுந்திருக்கிறது. புதுக் கண்ணாடி போடச் சொல்லி அக்கா வரும்போதெல்லாம் சொல்கிறாள். நான் மாற்றவில்லை. முகம் பார்க்க நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது, அந்தச் சீவிய ஓரத்தில் காலை வெளிச்சம் பட்டுச் சுவரில் சின்ன வானவில் விழுகிறது.

மிச்சம் ௪. வெளிர்மஞ்சள் முகத்தோடு நின்ற அந்த இழுப்பறையைக் கிழக்கு ஜன்னல் ஓரம் மூன்று வாரம் வைத்திருந்தேன். புதிதாக இழைத்த தேக்கு வெளிச்சம் பட்டால் தானாகவே பொன்பழுப்புக்கு வரும், அது உண்மைதான், ஆனால் எண்பது வருஷத்தை மூன்று வாரம் ஈடுகட்டாது. அப்புறம் சுத்திகரிக்காத கருஞ்சிவப்பு அரக்கை மிக நீர்த்த கலவையாகக் கரைத்து, ஒவ்வொரு கையும் உலர்ந்ததும் ௧க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு கை. ஒன்பதாவது கையில் நிறம் நெருங்கியது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் மற்ற மூன்றிலும் சின்னச் சின்ன நகக்கீறலும் இடித்த பள்ளமும் தெரியும், இதில் எதுவும் இருக்காது, வழவழவென்று இருக்கும்.

கடைசியாக ஒரு கை தேன்மெழுகு. தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஆசாரி வந்து நான்கு இழுப்பறையையும் ஒவ்வொன்றாக இழுத்து மூடிப் பார்த்தார். ௨ஐ மட்டும் இரண்டு தடவை.

பொங்கலன்று காலையில் அம்மா அதன் மேல் காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் பூஜைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து எடுத்தால் வட்டமாக வெள்ளைத் தடம். “ஐயோ, இவ்வளவு நாள் உழைச்சியேப்பா” என்று அம்மா கைப்பிள்ளையைக் கீழே போட்ட மாதிரி நின்றார். ஜாடியில் மூடி வைத்திருந்த பொதியை எடுத்து, ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் ஆக்கி, வட்டத்தின் மேல் நாலு தடவை லேசாக ஓட்டினேன். நாலாவது தடவையில் போய்விட்டது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கே இருந்தது என்று கேட்டார்.